இறந்த பிறகு தர்ப்பணம்... அதற்கு முன்பு? ராமேஸ்வரம் கரையில் வீடு தேடிச் செல்ல வேண்டிய வலி நிவாரணம்!

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை. இந்த மூன்று நாள்களிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. பிண்டம், எள், தர்ப்பை, கடல் நீராடல், கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் என, இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுக்காக இந்தியா முழுவதிலும் இருந்து குடும்பங்கள் இங்கே வருகின்றன. இறந்தவரை எப்படி வழியனுப்ப வேண்டும் என்பது இந்த ஊருக்கு அத்துப்படி.

ஆனால், இன்னும் இறக்காதவர்களுக்கு? குணமாகாத நோயோடு, வலியோடு, அதே தீவின் ஏதோ ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன? அதை யார் செய்வது?

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் கண்டுபிடித்த பதில்தான் ஹாஸ்பிஸ், பாலியேட்டிவ் கேர். தமிழக அரசு இதை 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கிறது.

'இனி ஒண்ணும் செய்ய முடியாது' என்பது உண்மையா?

புற்றுநோய் முற்றிவிட்டது, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, பக்கவாதம் வந்து பேச்சும் அசைவும் போய்விட்டன. இப்படியான கட்டங்களில் ஆஸ்பத்திரியில் அடிக்கடி கேட்கும் வாக்கியம், 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, இனி ஒண்ணும் செய்ய முடியாது' என்பதுதான்.

நோயைக் குணப்படுத்த முடியாது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால், வலியைக் குறைக்க முடியும். மூச்சுத்திணறலைத் தணிக்க முடியும். புண்ணின் நாற்றத்தைப் போக்க முடியும். வாந்தியை நிறுத்த முடியும். தூக்கம் வரவைக்க முடியும். கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ தைரியம் சொல்ல முடியும். 'ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லப்படும் இடத்தில், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இவ்வளவு நீளம்!

இந்தச் சிந்தனைக்கு நவீன வடிவம் கொடுத்தவர், லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. மனக்கவலை, பணக்கஷ்டம், குடும்பத்தைப் பற்றிய பயம், 'எனக்கு ஏன் இப்படி' என்ற ஆன்மிகக் குழப்பம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் 'முழு வலி' என்பது அவர் முன்வைத்த கருத்து.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், 1986-ல் மும்பையில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா. தமிழ்நாட்டில் சென்னை மாத்தூரில் ஜீவோதயா ஹாஸ்பிஸ் பல ஆண்டுகளாகப் புற்றுநோயாளிகளைக் கவனித்து வருகிறது. வேலூர் சி.எம்.சி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

உலக அளவில் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆனால், கிடைப்பது சுமார் 14 சதவிகிதம் பேருக்குத்தான்.

கடற்கரைக் குடும்பங்களின் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது சமீபத்தில்தான். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன்பு பெரிய சிகிச்சை என்றால் மதுரைதான். இன்றும் புற்றுநோய் போன்ற நீண்டகாலச் சிகிச்சைக்கு மதுரை பஸ்ஸைப் பிடிப்பவர்கள் ஏராளம்.

ராமேஸ்வரத்தில் இருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். நன்றாக இருப்பவருக்கே முதுகு வலிக்கும் தூரம். எலும்பு வரை புற்றுநோய் பரவிய ஒருவரை, வலி மாத்திரை வாங்குவதற்காக மட்டும் பாம்பன் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் கூட்டிப்போய் வருவதை நினைத்துப் பாருங்கள். கார் வாடகை, சாப்பாடு, கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்தால், அந்த மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு செலவு.

இந்தக் கரையின் பிழைப்பும் தனி ரகம். தங்கச்சிமடத்தில் ஒரு மீனவக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால்தான் காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. வீட்டில் வயதான அம்மா படுக்கையில். மனைவி பாசி எடுக்கவோ மீன் விற்கவோ போனால், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. போகாமல் இருந்தால், சாயங்காலம் அடுப்பு எரியாது. இதில் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அது யார்? பெரும்பாலும் மருமகள். இல்லையென்றால், படிப்பை நிறுத்திவிட்ட மகள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கதை வேறு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில். பணம் மாதாமாதம் வந்துவிடும். வாட்ஸ்அப் வீடியோ காலில் முகமும் தெரியும். ஆனால், வாப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வீடியோ காலால் முடியாது.

முதுகுளத்தூர், கமுதி பக்கம் கருவேல மரம் வெட்டி, கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் இதே கணக்குதான். ஒரு நாள் போகவில்லை என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

ஆகவே, இந்த மாவட்டத்துக்கு ஹாஸ்பிஸ் என்றால் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டடம் என்று மட்டும் யோசிக்க முடியாது. சிகிச்சைதான் வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

கதவைத் தட்டும் நர்ஸ்

2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே வந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். இதே திட்டத்தில் இன்னும் மூன்று சேவைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. நோய் ஆதரவு சிகிச்சை, பிசியோதெரபி, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகள் ஆகியவைதான் அவை. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா-வின் விருதும் கிடைத்தது.

வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு செவிலியர், ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது திட்டத்தின் அமைப்பு. கிராம அளவில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று, படுக்கையில் இருப்பவர்களின் பெயர்களைப் பதிவுசெய்வார்கள். அந்தப் பட்டியலை வைத்து நர்ஸ் வீட்டுக்கு வருவார்.

வந்து என்ன செய்வார்? படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவார். யூரின் டியூப், மூக்கு வழியாக உணவு செலுத்தும் டியூப் இரண்டையும் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றுவார். வலி எவ்வளவு என்று கேட்டு டாக்டருக்குத் தெரிவிப்பார். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று வீட்டில் இருப்பவருக்குக் கற்றும் கொடுப்பார். பல வீடுகளில் இந்தக் கடைசி வேலைதான் பெரிய உதவி. ஏனென்றால், நர்ஸ் அடுத்த முறை வரும்வரை அத்தனை நாளும் பார்த்துக்கொள்ளப் போவது வீட்டில் இருப்பவர்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள். மண்டபம் ஒன்றியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், உச்சிப்புளி பக்கம் நிலப்பரப்பும் உண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பாம்பன், தங்கச்சிமடமும் உண்டு. ஒரே நர்ஸ் எத்தனை வீடுகளுக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை போக முடியும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அரசு ஆரம்பித்துவைத்த வேலையை ஊரும் சேர்ந்து சுமந்தால்தான் முழுமையாகும்.

மார்ஃபின்: பயமும் உண்மையும்

புற்றுநோயின் கடும் வலிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மருந்து மார்ஃபின். அபினிலிருந்து எடுக்கப்படுவது. மருத்துவத் தேவைக்காக அபினைச் சட்டபூர்வமாக விளைவிக்கும் முக்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால், இங்கே வலியில் துடிப்பவருக்கு அது கிடைப்பது அரிது.

காரணம், 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தலைத் தடுக்கப் போட்ட கடும் விதிகளில் ஆஸ்பத்திரிகளும் மாட்டிக்கொண்டன. பல லைசென்ஸ்கள், பல அலுவலகங்கள். எதற்கு வம்பு என்று மருந்தை வாங்கி வைப்பதையே பல ஆஸ்பத்திரிகள் நிறுத்திவிட்டன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2014-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இப்போது முன்பைவிட எளிதாக மார்ஃபின் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் மாறினாலும் பயம் மாறவில்லை. 'மார்ஃபின் கொடுத்துட்டாங்கன்னா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்' என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில், டாக்டர் சொன்னபடி கொடுத்தால் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. வலிக்காகச் சரியாக எடுத்துக்கொள்பவர்கள் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். வலி குறைந்ததும் எழுந்து உட்கார்ந்து, பேரப்பிள்ளையோடு பேசும் நோயாளிகளும் உண்டு.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். அதனால், வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, நேரம் தவறாமல் கொடுப்பதே முறை. ஆரம்பத்தில் சில நாள்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால், அதற்கான மருந்தையும் டாக்டர் சேர்த்தே எழுதுவார்.

பக்கத்து மாநிலம் காட்டிய வழி

நர்ஸ் ஒருவர், வீடுகள் நூறு. இந்தப் பிரச்னையைக் கேரளா வேறு விதமாக அணுகியது.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார், தன்னார்வலர் அசோக் குமார் ஆகியோர் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளை மட்டும் பார்த்தால் போதாது, வர முடியாதவர்கள்தான் அதிகம் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. அங்கிருந்து பிறந்ததுதான், மலப்புரம் மாவட்டத்தில் பெரிதாக வளர்ந்த 'அக்கம்பக்கத்து' ஆதரவு சிகிச்சை வலையமைப்பு.

வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடிகிற யாரும் இதில் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு அனுபவசாலிகளோடு சில நாள் வீடுகளுக்குப் போய் நேரடிப் பயிற்சி. ஆட்டோ டிரைவர், கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என யார் யாரோ வந்தார்கள். ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் இவர்கள் வேலை இல்லை. நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவது, அரிசி தீர்ந்துபோன வீட்டுக்கு அரிசி சேர்ப்பது, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு வழி பார்ப்பது, நர்ஸை அழைத்துப்போவது இவையெல்லாம்தான். செலவுக்கு, ஊர்மக்கள் போடும் சிறு தொகைகள்.

2008-ல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்துகளும் இதற்குப் பணம் ஒதுக்க ஆரம்பித்தன. 2022-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த குழு, மரணத்தைப் பற்றிய தன் அறிக்கையில் கேரளாவை உலகத்துக்கே முன்மாதிரியாகக் காட்டியது. டாக்டர் ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ராமநாதபுரத்தில் முடியாதா?

ஆள்களுக்கும் அமைப்புகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் சங்கம் இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடத்தில் பங்குப் பேரவைகள். கீழக்கரை, தொண்டியில் ஜமாத்கள். ஊர்தோறும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கோயில் கமிட்டிகள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். திருவிழா என்றால் ஒரே வாரத்தில் வீடு வீடாக வரி வசூலித்து, பந்தல் போட்டு, அன்னதானமும் நடத்திக்காட்டும் ஊர்கள் இவை. அந்தத் திறமையில் கால்வாசி போதும், தெருவில் படுக்கையாகக் கிடக்கும் நான்கு பேரைக் கவனிக்க.

நம்பிக்கையும் மருத்துவமும் கைகோத்ததற்கு இந்த மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் இறந்தவர்களையும் சேர்த்து, 28 பேர் பலியானார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள், சொந்த ஊரில் எந்த உதவியும் கிடைக்காத குடும்பத்தினர். அதன் பிறகு காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில், தர்காவுக்குப் பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு மனநல சிகிச்சையும் சேர்த்துக் கொடுக்கும் 'தவா - துவா' திட்டம் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று ஏர்வாடி காட்டியது.

உதவியே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தென் மாவட்டங்களில் இன்னொரு பெயர் இருக்கிறது: தலைக்கூத்தல். படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரை முடித்துவைக்கும் கொடுமை. 2010 வாக்கில் விருதுநகர் பகுதியில் இருந்து வந்த செய்திகள் நாட்டையே அதிரவைத்தன. தேசிய விருது வாங்கிய 'பாரம்', மதுமிதா இயக்கிய 'கே.டி (எ) கருப்பு துரை' படங்கள் இதைத்தான் பேசின. அது சட்டப்படி கொலை. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், வலி நிவாரணமும் பக்கத்து வீட்டின் உதவியும் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்திருந்தால், முடிவு வேறாக இருந்திருக்குமா என்ற கேள்வியும் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கு...

* இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். வாட்டர் பெட் இருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது. இடுப்பு, குதிகால், தோள்பட்டையில் தோல் சிவந்திருந்தால், அது படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி.

* சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். ஈரம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது.

* வாயை ஈரத் துணியால் தினமும் பல முறை துடைத்துவிடுங்கள். வாய் வறண்டால் பேச்சும் வராது, சாப்பாடும் இறங்காது.

* சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். கடைசி நாள்களில் பசி குறைவது இயல்பு. வேண்டும்போது பிடித்ததைக் கொஞ்சம் கொடுத்தால் போதும். படுத்த நிலையில் வாயில் ஊற்றினால் புரையேறும். தலையை உயர்த்திவைத்துக் கொடுங்கள்.

* புண்ணில் நாற்றம் வந்தால் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் குறைக்க எளிய, விலை குறைந்த மருந்துகள் இருக்கின்றன. நாற்றத்துக்குக் கூச்சப்பட்டே பல குடும்பங்கள் சொந்தக்காரர்களை வீட்டுக்குள் விடுவதில்லை.

* கவனித்துக்கொள்பவரும் தூங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வெளியே போய்வாருங்கள். அது சுயநலம் இல்லை.

சொல்லலாமா, வேண்டாமா?

'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்' என்று கெஞ்சும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், தன் உடம்பு தனக்குச் சொல்வதை அப்பா ஏற்கெனவே கேட்டிருப்பார். பிள்ளைகளுக்காக அவர் நடிப்பார், அவருக்காகப் பிள்ளைகள் நடிப்பார்கள். படகை யார் பெயருக்கு எழுதுவது, சின்ன மகள் கல்யாணத்துக்கு என்ன செய்வது, பத்து வருஷமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டுவிடலாமா... பேச வேண்டிய எதுவும் பேசப்படாமலேயே போய்விடும். ஆதரவு சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள், நோயாளிக்கு எவ்வளவு தெரிய விருப்பம் என்று முதலில் கேட்டுவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்.

மீள வாய்ப்பே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சைகள் தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையும் இன்று உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அங்கீகரித்தது. 2023-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும்.

காசியும் ராமேஸ்வரமும்

காசியில் 'முக்தி பவன்' என்று ஒரு விடுதி இருக்கிறது. 1958 முதல் இயங்குகிறது. காசியில் உயிர்விட வேண்டும் என்று விரும்புபவர்களைக் குடும்பத்தினர் அங்கே அழைத்துவருவார்கள். சுமார் இரண்டு வாரங்கள் அறை கிடைக்கும். பஜனை உண்டு, பிரார்த்தனை உண்டு. மருத்துவ சிகிச்சை கிடையாது. ஆனாலும், இறப்பவரைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

காசிக்குப் போனவர் ராமேஸ்வரத்துக்கும் வந்தால்தான் யாத்திரை முழுமை என்பார்கள். காசி கடைசி நாள்களுக்கு ஓர் இடம் கொடுக்கிறது. ராமேஸ்வரம் கரை, வலி இல்லாத கடைசி நாள்களைத் தன் மக்களின் சொந்த வீட்டிலேயே கொடுக்கப் பழகினால், அந்த யாத்திரைக்கு இன்னும் அர்த்தம் கூடும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது நீண்ட நாளாகப் படுக்கையில் இருந்தால், பகுதி மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 'நோய் ஆதரவு சிகிச்சை வேண்டும்' என்று கேட்டுப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். 104 என்ற எண்ணில் அழைத்தும் தகவல் பெறலாம். துக்கம் நடந்த வீட்டில் 16-ம் நாளோ 40-ம் நாளோ முடிந்த பிறகுதான் தனிமை தொடங்கும். அதற்குப் பிறகும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.